அவள் கோபத்தில் ஓடிய வண்டி

நான் இங்கே எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் நாலு பேர் நடுவே கழன்று விழட்டும். சொந்தப் பல்மேல் சத்தியம் செய்யும் வயதைத் தாண்டிவிட்டேன். இருப்பதை வைத்துத்தானே செய்ய முடியும்? நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபத்தைக் கண்ட கண்ட இடத்தில் செலவழிக்கக் கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

முப்பத்தோரு வருஷம் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினேன். மேலே போனேன், கீழே வந்தேன். போன தூரத்தையெல்லாம் கூட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, அங்கே மறந்து வைத்த குடையை எடுக்க மறுபடி பாதி வழி போயிருப்பேன். ஆனால் பக்கவாட்டில் ஓர் அடி போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்குள் ஒரு வெறி பிறந்தது. இனி மேலேயும் கிடையாது, கீழேயும் கிடையாது. இருக்கிற காலமெல்லாம் பக்கவாட்டில்தான்.

அப்படித்தான் அந்த வேனை வாங்கினேன். அது ஒரு பல் டாக்டருடையது. ஊர் ஊராகப் போய் அதிலேயே பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். "வண்டி எப்படி டாக்டர்? வழியில மக்கர் பண்ணுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம்கூட வலிக்காது" என்றார். ஒரு பல் டாக்டர் அப்படிச் சொல்லும்போது நம்பிய ஒரே மனிதன் நான்தான்.

வண்டிக்குள் ஒரு கட்டில் போட்டேன். கருவிகளை வேகவைக்கும் பெட்டி இருந்த இடத்தில் அடுப்பு வைத்தேன். நோயாளிகள் துப்பிய குட்டித் தொட்டி எங்களுக்குக் கை கழுவும் தொட்டியானது. எல்லாம் சரியாக அமைந்தது, ஒன்றைத் தவிர. டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் பல் பிடுங்கும் நாற்காலி இருந்தது. அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து வண்டியோடு ஒட்டிப் பிறந்ததுபோல் ஆகிவிட்டன; கழற்ற முடியவில்லை. பிரேக் போட்டால் அந்த நாற்காலி தானாகப் படுத்துவிடும். வண்டி கிளம்பினால் தானாக எழுந்து நிமிரும். என் மனைவி அதில்தான் உட்கார்ந்து வந்தாள். சிக்னலுக்குச் சிக்னல் மல்லாந்தாள். பச்சை விழுந்ததும் எழுந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது, காகிதம் பற்றிக்கொள்ளும்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருஷம் நகராட்சி அலுவலகத்தில் புகார் கவுன்டரில் இருந்தவள். குழாயில் தண்ணீர் வராதவர்கள், தெருவிளக்கு எரியாதவர்கள், குப்பை அள்ளப்படாதவர்கள், எந்தக் குறையும் இல்லாமல் சும்மா கத்திவிட்டுப் போக வந்தவர்கள் என்று தினம் எண்பது பேர் அவள் முகத்துக்கு நேரே நின்று கத்தினார்கள். கவுன்டரில் ஒரே சட்டம்தான்: உள்ளே இருப்பவர் கோபப்படக் கூடாது. "உங்க புகார் பதிவாயிடுச்சு, நம்பர் இது, அடுத்தவங்க வாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். இருபத்தேழு வருஷத்துக் கோபம் எங்கே போயிற்று என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அது எங்கும் போகவில்லை. அவளுக்குள்ளேயே, மூடி போட்டு, சொட்டுக் குறையாமல் இருந்தது.

கிளம்பிய மூன்றாம் நாள், ஒரு நீண்ட மேட்டின் நடுவில் வண்டி நின்றது. சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. நான் இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எஞ்சினைத் திறந்து பார்த்தேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் திறந்து பார்ப்பது ஒரு மரியாதை.

"என்னங்க ஆச்சு?" என்று படுத்த நிலையிலேயே கேட்டாள்.

"ரெண்டே நிமிஷம். பயப்படாதே" என்றேன்.

லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே மாட்டியவர்களிடம் நாங்கள் சொல்லும் வாக்கியம் அது. மூன்று மணி நேரம் மாட்டியவர்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது தெரியும்.

"ரெண்டு நிமிஷமா?" என்றாள். "மாடில துணி காயப்போட கம்பி கட்டித் தர்றேன்னு ரெண்டு நிமிஷம் சொன்னீங்க. பதினோரு வருஷம் ஆச்சு! துணி இன்னும் கதவுமேல காயுது! ரெண்டு நிமிஷமாம்!"

எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் ஓடிப்போய்த் தொற்றி ஏறியிருக்காவிட்டால் அவள் மட்டும் தனியாக மேட்டின் உச்சிக்குப் போயிருப்பாள்.

அந்த மேட்டைத் தாண்டியதும் ஒரு பட்டறை. அங்கே இருந்த மெக்கானிக்குப் பெயர் டார்ச். பட்டப்பகலிலும் நெற்றியில் ஒரு டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டார். வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தார்.

"சார், பேட்டரி செத்து ஆறு மாசம் ஆச்சு. ஸ்டார்ட்டர் எரிஞ்சு போச்சு. டீசல் டேங்க்ல சிலந்தி கூடு கட்டியிருக்கு. நீங்க எப்படி இங்க வரை வந்தீங்க?"

"இவ திட்டினா. வந்துட்டோம்."

டார்ச் சிரிக்கவில்லை. நல்ல தொழில்காரர். ஒரு மீட்டரை எடுத்து எஞ்சினில் இரண்டு முனையை மாட்டிவிட்டு, அவளிடம் போய், "அம்மா, இந்த மாதிரி ஓட்டை வண்டியில உங்களை ஏத்திக்கிட்டு வந்தவரு உங்க வீட்டுக்காரரா, இல்ல விரோதியா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். மீட்டரின் முள் கடைசி எண்ணைத் தாண்டி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறந்து, பட்டறைச் சுவரில் குத்தி நின்றது. இன்றும் அங்கே இருக்கும்.

டார்ச் என்னைத் தனியே அழைத்தார். "இதுல நான் கை வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க வண்டி அம்மாவோட கோவத்துல ஓடுது. அவங்க சாந்தமானா நின்னுடும். பாத்து நடந்துக்குங்க."

அவளிடம் இதைச் சொல்லவில்லை. "பேட்டரியில ஒரு ஒயர் லூஸ்" என்றேன்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்குங்க. இன்னொரு தடவை இந்த வண்டி நின்னுச்சுன்னா நான் இறங்கிடுவேன். பையைத் தூக்கிக்கிட்டு முதல்ல வர்ற பஸ்ல ஏறிடுவேன். அப்புறம் நீங்க யாரோ, நான் யாரோ."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். அவள் நம்பர் போட்ட எந்தப் புகாரும் கிடப்பில் கிடந்ததில்லை.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் கோபம் குறைந்தால் வண்டி நிற்கும். நின்றால் அவள் போய்விடுவாள். கோபம் ஒரு சொட்டுக் கூடிப்போனால் வண்டி நிற்கும்வரை காத்திருக்கவே மாட்டாள், ஓடும்போதே இறங்கிவிடுவாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அவள் இல்லாவிட்டால் எனக்கு என் மூக்குக்கண்ணாடி எங்கே என்பதுகூடத் தெரியாது. அது என் நெற்றியில்தான் இருக்கிறது என்பதைச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆகவே அவளை அளவாகக் கோபப்படுத்தக் கற்றுக்கொண்டேன். சாதாரணச் சாலைக்கு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ம்ம்… பரவாயில்லை" என்றால் போதும். ஐம்பது கிலோமீட்டர் ஓடும். மேடு வந்தால் அவள் தம்பியின் மீசையைப் பற்றி ஏதாவது சொல்வேன். லாரியை முந்த வேண்டுமென்றால், அவள் பேசுவதற்கெல்லாம் "ம்" கொட்டிவிட்டு, முடித்ததும், "என்ன சொன்னே?" என்பேன். வண்டி அம்புபோல் பாயும்.

இடையில் பழுதாகாத பாகம் இல்லை. ஆனால் எதையும் பழுது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. சைலன்சர் கழன்று விழுந்தபோது, "நான்தான் கழட்டிப் போட்டேன், பாரம் குறையும்" என்றேன். பக்கக் கதவு காற்றில் பறந்து ஒரு வயலில் போய் இறங்கியபோது, "காத்தோட்டமா இருக்கட்டும்" என்றேன். ஒரு தடவை முன்சக்கரம் ஒன்று கழன்று எங்களை முந்திக்கொண்டு போனது. "பாரு, நம்மளவிட அவசரம் அதுக்கு" என்றேன். அவள் திட்டிய திட்டில் மூன்று சக்கரத்திலேயே துரத்திப்போய் அதைப் பிடித்தோம்.

பிரேக் போனதுதான் பெரிய சோதனை. நெடிய இறக்கம், கீழே ஒரு பள்ளிக்கூடச் சுவர். காலால் மிதிக்கிறேன், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "உன் கைப்பக்குவத்துக்கு ஈடு இந்த உலகத்துலயே கிடையாது. அந்தப் பச்சைச் சேலையில நீ நடந்து வந்தா இன்னிக்கும் எனக்குப் பேச்சு வராது."

வண்டி தயங்கியது, மெதுவாகியது, சுவருக்கு நாலு விரற்கடை முன்னால் நடைவேகத்துக்கு வந்தது. நாற்காலி படுத்தது. அவள் படுத்தபடியே சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"என்ன திடீர்னு? உடம்பு சரியில்லையா?"

எஞ்சின் இருமியது. நின்றுவிடும்போல் இருந்தது. "ஆனா அந்தச் சேலை இப்ப உனக்குப் பத்தாது" என்றேன். பிழைத்தோம். அன்றிரவு அவள் தூங்கியதும் ஓர் ஆளை வைத்துப் பிரேக்கைச் சரிசெய்தேன்.

இப்படியே இரண்டு வருஷம், நாற்பதாயிரம் கிலோமீட்டர். நானும் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் உள்ளே கொதித்தது. பல் டாக்டர்மேல் கோபம், வண்டிமேல் கோபம். காலையில் எழுந்ததும் இன்றைக்கு இவளை எதைச் சொல்லிக் குத்துவது என்று யோசிக்கும் ஒரு கிழவனாக ஆகிப்போன என்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அதை வெளியே காட்ட முடியவில்லை. என் கோபத்துக்கு அந்த வண்டி ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

மாட்டிக்கொண்டது என் தொழில் புத்தியால். லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு: செய்த பராமரிப்பையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி, கேபினுக்குள்ளேயே, எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிட வேண்டும். முப்பத்தோரு வருஷம் பழகிய கை சும்மா இருக்குமா? அட்டை எழுதினேன். 'சமவெளி: டீ. மேடு: தம்பி மீசை. முந்த: என்ன சொன்னே. மழை: போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்ளுதல். அவசரத்துக்கு மட்டும்: அவள் அம்மா.' எதிரே தேதி, நேரம், என் கையெழுத்து. அதைப் பல் நாற்காலியின் மேலே இருந்த விளக்கில் தொங்கவிட்டேன். அவள் படுத்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே.

இரண்டு வருஷம் அவள் அதைப் படிக்கவில்லை. வண்டியில் போகும்போது கண்ணாடி போட்டால் தலை சுற்றும் என்று போடமாட்டாள்; டாக்டர் விட்டுப்போன ஏதோ பல் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆரஞ்சுப் பழத்தில் விதை பொறுக்குவதற்காகக் கண்ணாடி போட்டிருந்தாள். நாங்கள் ஒரு பெரிய ஆற்றின் குறுக்கே, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகிய பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே தூரத்தில் ஒரு பஸ் பாலத்தில் ஏறுவதைப் பார்த்துப் பிரேக்கைத் தொட்டேன். நாற்காலி படுத்தது.

அவள் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. பின்பக்கமும் திருப்பிப் படித்தாள், பின்பக்கமும் எழுதியிருந்தேன்.

நான் இடிக்காகக் காத்திருந்தேன். இடி வரவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து, கவுன்டரில் பேசும் குரலில், மிக மரியாதையாகச் சொன்னாள்:

"உங்க புகாரெல்லாம் பதிவாயிடுச்சு. மொத்தம் நாற்பத்திரண்டு. அடுத்தவங்க வாங்க."

வண்டி பாலத்தின் நட்டநடுவில் நின்றது. பெருமூச்சுகூட விடவில்லை, அப்படியே செத்தது.

பின்னால் ஏழு லாரிகள் வந்து நின்றன. முன்னால் அந்த பஸ். ஹாரன் சத்தத்தில் ஆற்று மீனெல்லாம் கரையேறியதை நானே பார்த்தேன்.

"யோவ் பெரியவரே! வண்டியை எடுய்யா!" என்றார் முதல் லாரிக்காரர்.

"ரெண்டே நிமிஷம்" என்றேன்.

"பாலத்தை வாங்கிட்டீங்களா? வீடு கட்டப் போறீங்களா?" என்றார் இரண்டாமவர்.

"வயசானா வீட்டுல உக்காந்து கொட்டாவி விடாம, எங்க உசிரை வாங்குறீங்களே!" இது பஸ் டிரைவர்.

நாற்பது பேர் சுற்றி நின்று திட்டினார்கள். நாற்பது பேரின் கோபம்! ஒரு சின்ன ரயிலையே தள்ளிவிடலாம். வண்டி அசையவில்லை. அதற்கு அவள் கோபம் மட்டும்தான் செரிக்கும். அவளோ படுத்தபடி ஆரஞ்சுச் சுளையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மெழுகுபோல் ஒரு சாந்தம் முகத்தில். அவள் தம்பியின் மீசையைச் சொன்னேன். "நாற்பத்திமூணு" என்றாள். டீயைச் சொன்னேன். "அது ஏற்கெனவே பதிவாயிருக்கு" என்றாள். அவசரத்துக்கு மட்டும் என்று எழுதியதையும் சொன்னேன். "உங்க கருத்துக்கு நன்றி" என்றாள்.

பழம் தீர்ந்தது. தோலைத் தொட்டியில் போட்டாள், கை கழுவினாள், பையை எடுத்தாள். இறங்கினாள்.

"எங்கே போறே?"

"வண்டி நின்னுடுச்சுல்ல? இறங்கிட்டேன்."

எதிரே நின்ற பஸ்ஸை நோக்கி நடந்தாள். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்துப் பாலத்தை விட்டு இறங்கி, அவளைக் கொண்டுபோய்விடலாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் ஓடிப்போய்ப் பஸ் படிக்கட்டுக்கு முன்னால் நின்றேன். எனக்கு மூச்சு வாங்கியது; அப்போதுதான் எனக்கும் உள்ளே இருந்தது எல்லாம் உடைந்தது.

"போ! போ! உனக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன்! நீ போயிடக் கூடாதுன்னுதானே நாய் மாதிரி ராப்பகலா உன்னைப் பாத்துக் குரைச்சேன்! உலகத்தைச் சுத்திக் காட்டலாம்னு வண்டி வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவள் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"எனக்காகவா?" என்றாள். சத்தமாக இல்லை. "முப்பத்தோரு வருஷம் அந்தப் பெட்டிக்குள்ள நின்னீங்க. உள்ளே வந்த ஒவ்வொருத்தன்கிட்டயும், தபால்காரன்கிட்ட, கூரியர்காரன்கிட்ட, தப்பாக் கட்டடம் மாறி வந்தவன்கிட்டகூட, 'எங்க போகணும்'னு கேட்டீங்க. முகம் தெரியாத லட்சம் பேரைக் கேட்டீங்க. வண்டி வாங்கறதுக்கு முன்னால என்னை ஒரு தடவை கேட்டீங்களா? வாங்கின பிறகாவது கேட்டீங்களா? ரெண்டு வருஷமா உங்க பக்கத்துல படுத்துப் படுத்து எழுந்திரிச்சு வர்றேனே, நான் எங்க போகணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. பாலத்தின் மேல், நாற்பது பேர் நடுவில், எனக்குத் தெரியாது.

"ஏன்யா, கேளுய்யா" என்றார் முதல் லாரிக்காரர். "எங்களுக்கும் போகணும்ல."

நான் நிமிர்ந்து நின்றேன். வேலையில் நிற்பதுபோல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன்: "எங்கே போகணும்மா?"

குரல் பிசிறியது. லட்சம் தடவை கேட்டபோது ஒரு தடவையும் பிசிறியதில்லை.

"வீட்டுக்கு" என்றாள்.

"சரி. ஏறு."

"நீங்க ஏறுங்க. அந்தப் பக்கம்."

பல் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். அதன் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தாள். அவ்வளவு நேரம் அவள் முகத்தில் இருந்தது சாந்தம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் அட்டையில் எழுதியதெல்லாம் மேலே படிந்த தூசி. இது அடியில் இருந்தது. இருபத்தேழு வருஷம் கவுன்டரில் வாங்கிப் பூட்டியதும், முப்பத்தெட்டு வருஷம் என்னிடம் வாங்கிப் பூட்டியதும் சேர்ந்து மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவள் பற்களை மட்டும் கடித்தாள்; எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவ்வளவு பெரிய பஸ் பாலத்தை விட்டுப் பின்னாலேயே ஓடி வழிவிட்டது. நாங்கள் போன வேகத்தில் எங்கள் நிழல் ஒரு மாவட்டம் பின்தங்கி, மாலையில்தான் வந்து சேர்ந்தது. சிவப்பு விளக்குகள் எங்களைக் கண்டதும் தாமாகப் பச்சையாயின. இரண்டு வருஷம் போன தூரத்தை நாற்பது நிமிஷத்தில் திரும்பினோம். அதில் ஒன்பது நிமிஷம் அவள் ஒரு கடையில் நின்று துணி காயப்போடும் கம்பி வாங்கினாள். வழி நெடுக நான் படுத்தே இருந்தேன்; நாற்காலி என்னை ஒரு தடவையும் நிமிர்த்தவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்பியை நான்தான் கட்டினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை. சாப்பாடு ஜன்னல் வழியாகத்தான் வருகிறது; நான் வண்டியில்தான் படுக்கிறேன். தினம் காலையில் ஜன்னல் அருகே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்கே போகணும்மா?" என்று கேட்கிறேன். "இன்னும் முடிவு பண்ணல, நில்லுங்க" என்கிறாள். நிற்கிறேன். போகவில்லை அவள். அது போதும் எனக்கு.

பல் டாக்டர் வீட்டிலிருந்து இந்த வண்டியைக் கிரேனில் தூக்கிவந்து எங்கள் வாசலில் இறக்கிய அன்று கிலோமீட்டர் மீட்டரில் என்ன எண் இருந்ததோ, அதே எண்தான் இன்று காலையும் இருந்தது.